நரம்பு என்னும் சொல்: உடற்கூறியல் வகுப்பில் தமிழின் இடம்

முழங்கையின் உட்பக்கத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சுளீர் தெரியும். ஷாக் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை ஓடும். மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும். மேற்கை எலும்பின் கீழ்முனையில் உட்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் முண்டின் பின்னால், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு நரம்பு போகிறது. இடி விழுவது அதன்மேல். இதே செய்தியை மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவி ஒருவர் இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையில் உட்கார்ந்து, ‘அல்நார் நெர்வ் பாஸஸ் பிஹைண்ட் தி மீடியல் எபிகாண்டைல்’ என்று உருப்போடுகிறார். தம் முழங்கைக்கு எப்போதோ தெரிந்துவிட்டதைத்தான் தம் வாய் இப்போது ஒப்பிக்கிறது என்பது அவருக்குப் பிடிபடச் சில நாள் ஆகிறது. சிலருக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் பிடிபடுகிறது.

இந்த இடைவெளி எதனால் வருகிறது? பெயர்கள் அந்நியமாக இருப்பதாலா, பாடம் சொல்லப்படும் வாக்கியம் அந்நியமாக இருப்பதாலா? இந்தக் கட்டுரை ஆராய விழைவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

கேள்வி எழும் சூழல்

தமிழ்நாட்டில் இது ஏட்டுக் கேள்வியாக மட்டும் நின்ற காலம் போய்விட்டது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. அதன் வழியே கல்லூரிக்குள் வருபவர்களில் பலர், அதுவரை உயிரியலைத் தமிழிலேயே படித்தவர்கள். அவர்கள் முதலில் சந்திக்கும் பெரிய பாடங்களில் ஒன்று உடற்கூறியல்.

காலமும் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் உடற்கூறியலுக்கும் உடலியலுக்குமான தொடக்கக் கட்டம் ஒன்றரை ஆண்டு நீண்டது. 1997இல் வந்த விதிமுறைகள் அதை ஓராண்டாகக் குறைத்தன. அறுப்பு மேசையில் நிதானமாக நின்று பார்ப்பதன் இடத்தை மனப்பாடம் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொழி குறித்து இதுவரை பேசியவர்கள் பெரும்பாலும் இரு அணியாக நிற்கிறார்கள். எல்லாப் பெயரையும் தமிழாக்கிவிட்டால் பாடம் தானே தமிழில் நடக்கும் என்பது ஒரு தரப்பு. பல்லாயிரம் பெயர்களைத் தமிழாக்குவது நடவாத காரியம், ஆங்கிலமே வழி என்பது மறு தரப்பு. இரண்டு தரப்புக்கும் பொதுவான அனுமானம் ஒன்று உண்டு: உடற்கூறியல் என்றால் பெயர்ப் பட்டியல். இந்த அனுமானத்தைத்தான் முதலில் சோதிக்கவேண்டும்.

பெயர்களின் பூர்வீகம்

மாணவரை மிரட்டும் இலத்தீன், கிரேக்கப் பெயர்கள் பிறந்த இடம் அடுக்களையும் பட்டறையும்தான். கிளாவிகிள் என்றால் சின்னச் சாவி. படெல்லா சிறு தட்டு. இடுப்புக் குழியைக் குறிக்கும் அசிடாபுலம், உணவு மேசையில் வைக்கும் காடிக் கிண்ணம். டிபியா புல்லாங்குழல், ஃபிபுலா துணியில் குத்தும் ஊசி, காக்ளியா நத்தை. தசையைக் குறிக்கும் சொல்லுக்கே சுண்டெலி என்றுதான் பொருள்: தோலுக்கடியில் தசை புடைத்து ஓடுவதைப் பார்த்தவர் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அதே புடைப்பைத் தமிழர் மீனாகக் கண்டார்கள். கெண்டைக்கால் என்ற சொல்லில் கெண்டை மீன் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது. உரோமானியர் சாவியைக் கண்ட எலும்பில் தமிழர் கழுத்தணியைக் கண்டு காறையெலும்பு என்றார்கள். முழங்கால் சில்லு, குருத்தெலும்பு, கல்லீரல், நுரையீரல், மண்ணீரல் ஆகியவை எந்தக் குழுவும் கூடி ஆக்கிய சொற்கள் அல்ல. தொட்டால் கல்லாக, அமுக்கினால் நுரையாக என்று உறுப்பைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களின் சொற்கள் அவை. பாடநூல் மண்ணீரல் என்பதை இறைச்சிக் கடைக்காரர் சுவரொட்டி என்கிறார். இடப்பக்கம் ஒன்பது, பத்து, பதினோராம் விலா எலும்புகளின் உட்புறமாக உதரவிதானத்தில் அண்டிக்கிடக்கும் உறுப்புக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்பதை அறுப்புக் கூடத்தில் நின்று பார்த்தவர் உணர்வார். அதே கடையில் சிறுநீரகம் குண்டிக்காய், குடல் போட்டி. எந்த மருத்துவ அகராதியும் இந்தச் சொற்களை மதிப்போடு சேர்த்ததாகத் தெரியவில்லை. சேர்த்திருக்கவேண்டும்.

ஐரோப்பியருக்கும் பெயர்கள் ஒழுங்காக வந்துவிடவில்லை. வெசாலியசின் உடற்கூற்றுப் பெருநூல் 1543இல் வெளிவந்ததிலிருந்து மூன்றரை நூற்றாண்டுக் காலம், ஒரே உறுப்புக்கு ஊருக்கொரு பெயர் சேர்ந்துகொண்டே போனது. 1895இல் பாசல் நகரில் கூடிய அறிஞர்கள் புழக்கத்திலிருந்த ஏறத்தாழ 50,000 பெயர்களைச் சலித்து 5,000 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 1998இல் வெளியான பன்னாட்டுப் பட்டியலில் சுமார் 7,500 சொற்கள் உள்ளன. இலத்தீனுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலப் பெயரும் அதில் அச்சாகியிருக்கிறது. ஆக, இலண்டன் மாணவருக்கும் கிளாவிகிள் அந்நியச் சொல்தான். வீட்டில் அவர் அதைக் கழுத்துப்பட்டை எலும்பு என்ற பொருளில் வேறு பெயரால் அழைக்கிறார். ஆனாலும் அவர் தடுமாறுவதில்லை. அந்தப் பெயரைச் சுற்றி நிற்கும் வாக்கியம் அவருடைய தாய்மொழியில் இருப்பதே காரணம் எனலாம்.

மானிப்பாய்ச் சோதனை

தமிழில் உடற்கூறியல் கற்பிக்கமுடியுமா என்ற கேள்விக்கு வரலாறு ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் 1822இல் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். முதலில் ஆங்கிலத்திலும் 1860களின் நடுவிலிருந்து தமிழிலும் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் அறுபதுக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே படித்துத் தேறியவர்கள்.

பாடம் நடத்த நூல் வேண்டும். கால்வின் கட்டரின் நூலைத் தழுவி ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1850களில் வந்தது. ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ என்று வரிசை நீண்டது. கிரே முதலானோரின் நூல்களிலிருந்து தொகுத்த ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் அச்சேறியது. ஹென்றி கிரேயின் மூலநூல் இலண்டனில் வெளியானது 1858இல். வெறும் பதினான்கு ஆண்டுகளில் அந்த அறிவு யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர் கைக்கு வந்துசேர்ந்தது. அதுவும் தபால் கப்பலில் பயணம் செய்த காலத்தில். அந்த நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் அதே 1858இல் இந்தியா வந்து, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார். அங்கே பாடம் ஆங்கிலத்தில்.

கிறீன் சொல்லாக்கிய முறையை அவருடைய நூற்பெயர்களே காட்டுகின்றன. ‘இரண வைத்தியம்’ ஊர் வழக்கிலிருந்து வந்தது. ‘அங்காதிபாதம்’, ‘சுகரணம்’ வடமொழி வேரிலிருந்து கட்டியவை. ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாவுக்கு வளைத்தது. மூன்று வழிகளையும் அவர் தயக்கமின்றிக் கையாண்டார். தூய்மை பற்றிய இன்றைய சண்டைகளுக்கு அன்று நேரமிருக்கவில்லை. வகுப்பில் மாணவர்கள் காத்திருந்தார்கள்.

பின் ஏன் இந்த முயற்சி தொடரவில்லை? ‘கிறீனின் அடிச்சுவடு’ என்ற நூலை 1967இல் எழுதிய ஈழத்துக் கவிஞர் அம்பி, கிறீனை அறிவியல் தமிழின் முன்னோடியாக நிறுவினார். அந்த மதிப்பீடு சரியானது. எனினும் முன்னோடி என்று போற்றுவதோடு நின்றுவிட்டால், முயற்சி நின்றுபோன காரணம் மறைந்துவிடுகிறது. கலைச்சொற்கள் கடினமாக இருந்ததுதான் காரணம் என்று சிலர் கருதுவதுண்டு. ‘சுகரணம்’, ‘உற்பாலனம்’ போன்றவை வழக்கில் நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சான்றுகள் வேறு திசையில் கை காட்டுகின்றன. ஆங்கிலம் படித்தவர்கள் அரசு உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊர் மக்களிடையே தங்குவார்கள் என்பதே கிறீனின் கணக்கு. கணக்கின் முதல் பாதி அப்படியே பலித்தது. அதுவே திட்டத்தை முடித்தும் வைத்தது. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அரசு உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலமாக இருக்கும்போது எந்தத் தகப்பன் மகனைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புவார்? இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலமே.

எதோவிலும் ஐதராபாத்திலும்

சொல் பிழைப்பதும் சாவதும் எதனால் என்பதை அறிய யப்பானைப் பார்க்கவேண்டும். 1771இல் எதோ நகரின் கொலைக்களத்தில் நடந்த உடல் அறுப்பைச் சுகிதா கென்பாக்கு, மாயேனோ ரியோதாக்கு முதலிய மருத்துவர்கள் நேரில் பார்த்தார்கள். கையில் ஒல்லாந்து மொழி உடற்கூறு நூல் ஒன்று. படங்கள் உடலோடு ஒத்துப்போயின. அதுவரை தாங்கள் படித்த சீன நூல்கள் ஒத்துப்போகவில்லை. அந்த நூலை மொழிபெயர்க்க உட்கார்ந்தார்கள். ஒல்லாந்து மொழி அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. புருவம் என்பது கண்ணுக்கு மேல் வளரும் மயிர் என்ற ஒரு வரியைப் புரிந்துகொள்ள நீண்ட வசந்தகாலப் பகல் முழுதும் போனதாகச் சுகிதா முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பு சொல்கிறது. 1774இல் ‘கைதாய் ஷின்ஷோ’ வெளிவந்தது. நரம்புக்கு அவர்கள் ஆக்கிய ‘ஷின்கெய்’ என்ற சொல்லை இன்றும் யப்பானியக் குழந்தை சொல்கிறது. சீனமும் அதே எழுத்துகளை எடுத்துக்கொண்டது.

சுகிதாவின் சொற்கள் கிறீனின் சொற்களைவிட அழகானவை என்று சொல்லிவிட முடியாது. அவை தினமும் வகுப்பில் ஒலித்தன, நோயாளிக் குறிப்பில் எழுதப்பட்டன, தேர்வில் கேட்கப்பட்டன. ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் உருது மொழியில் நடந்தது. 1948இல் ஆட்சி மாறியபின் ஆங்கிலத்துக்குப் போனது. அங்கேயும் கைவிட்டது ஆட்சிதான், மொழி அல்ல.

கல்கத்தாவின் சான்று இன்னொரு கோணம் தருகிறது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உடலை அறுத்து, நவீன இந்தியாவின் முதல் அறுப்பாளர் என்று பெயர்பெற்ற மதுசூதன் குப்தா, சமஸ்கிருதக் கல்லூரியிலிருந்து வந்த ஆயுர்வேத அறிஞர். ஹூப்பரின் உடற்கூறு நூலைச் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. சொல்லைத் தன் மொழியில் தேடிப் பழகியவர் கத்தியையும் துணிந்து எடுத்தார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

நரம்பு

இனி ஒரே ஒரு சொல்லை அருகில் வைத்துப் பார்க்கலாம். யாழில் கட்டியது நரம்பு. இலையில் ஓடுவது நரம்பு. புறங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதும் ஊர்ப் பேச்சில் நரம்புதான். இரத்தக் குழாயில் போடும் ஊசிக்கே நரம்பு ஊசி என்று பெயர். குதிகாலுக்கு மேல் விறைத்து நிற்கும் தசைநாணையும் மக்கள் நரம்பு என்றே சொல்கிறார்கள். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலியையும் நரம்பு இழுக்கிறது என்கிறார்கள். அங்கே மட்டும் அது உண்மையிலேயே நரம்பு.

தமிழ் துல்லியமற்ற மொழி என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. கிரேக்கத்தின் கதையும் இதேதான். ‘நியூரோன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு முதற்பொருள் தசைநாண், வில்லின் நாண், கயிறு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்துப் பார்த்த எரோஃபிலசும் அவருடைய காலத்தவரும்தான் உணர்வையும் இயக்கத்தையும் கொண்டுசெல்லும் நரம்பைத் தசைநாணிலிருந்து பிரித்தறிந்தார்கள். பழைய குழப்பத்தின் எச்சம் இன்றும் பாடநூலில் இருக்கிறது: ‘அபோநியூரோசிஸ்’ எனப்படும் தட்டையான நாண் விரிப்பின் பெயரில் நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும், அது தசைநாணின் வகையே. மேசைமேல் கத்தி பிரித்துக் காட்டிய பிறகே சொல் கூர்மை பெற்றது. எந்த மொழியிலும் அப்படித்தான்.

பள்ளித் தமிழ் இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டது. தமிழ்நாட்டில் தமனி, சிரை. இலங்கையில் அவையே நாடி, நாளம். தசைநாண் தனி, நரம்பு தனி. ஆனால் நோயாளி பள்ளிப் புத்தகத்தின் தமிழில் பேசுவதில்லை. ‘நரம்பு வலிக்குதுங்க’ என்று ஒருவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வந்தால், அது சிரையா, நாணா, நரம்பா, தசையா என்று கேட்டுப் பிரிக்கவேண்டியவர் மருத்துவர். ‘நெஞ்சுக்குழியில கரிக்குது’ என்பவர் எங்கே விரல் வைக்கிறார்? ‘தொப்புளைச் சுத்தி வலிச்சுது, இப்ப வலப்பக்கம் கீழ இறங்கிடுச்சு’ என்பவரின் ஒற்றை வாக்கியத்தில் குடல்வாலின் நரம்பு வழிகள் முழுதும் இருக்கின்றன: குடல்வாலிலிருந்து வரும் உணர்வு முதலில் தொப்புள் மட்டத்தில் உணரப்படும், அழற்சி வயிற்றின் உட்சுவரைத் தொட்டதும் வலி அந்த இடத்துக்கே நகரும். உடற்கூறியல் கற்பதன் பயன் இங்கேதான் தெரியவரும். முதலாண்டில் ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர், மூன்றாம் ஆண்டில் நோயாளி முன் நின்று இந்த வாக்கியத்தை உடலோடு பொருத்த இரண்டாம் முறை படிக்கவேண்டியிருக்கிறது.

அறுப்பு மேசைமேல் உயிரற்றுக் கிடப்பவரும் தம் வாழ்நாள் முழுதும் தம் உடம்பைத் தமிழில் சொன்னவராகவே பெரும்பாலும் இருந்திருப்பார் என்பதையும் மறந்துவிடலாகாது.

மறுப்புகள்

எதிர்வாதங்கள் வலுவானவை. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில், ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில், வேறு மாநிலத்தில் வேலை பார்க்கவும் ஆங்கிலம் வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து வரும் மாணவரைத் தமிழில் மட்டும் படிக்கவைத்து ஒதுக்கிவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. மானிப்பாயின் பாடமும் அதுவே. இந்த மறுப்பை முழுதாக ஏற்கவேண்டும்.

மத்தியப் பிரதேசம் 2022 அக்டோபரில் உடற்கூறியல் உள்ளிட்ட முதலாண்டுப் பாடங்களின் இந்தி நூல்களை வெளியிட்டபோது, ஆங்கிலப் பெயர்களை அப்படியே நாகரி எழுத்தில் விட்டுவிட்டார்கள் என்று கேலி பேசினார்கள். அந்தக் கேலி பொருந்தாது. பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வாக்கியத்தை மாற்றுவது தவறான உத்தி அல்ல. தமிழ்நாட்டிலும் பாடநூல் கழகம் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியை எடுத்திருக்கிறது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் ஆங்கிலப் பாடநூலோடு போட்டியிட வேண்டிய தமிழ்ப் பாடநூல், தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும்வரை மாணவரின் அலமாரியில்தான் நிற்கும். ஆகவே எந்த நூலை முதலில் ஆக்குவது என்பது முக்கியமான கேள்வியாகிறது.

மேசையருகே வேண்டிய நூல்

அறுப்புக் கூடத்தில் மாணவர் கையாளும் நூல் பாடநூல் அல்ல, செய்முறைக் கையேடு. உடலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் அறுக்கும் நூல் அது. அதில் பெயர்களைவிட வினைகளுக்கே வேலை அதிகம்: கீறு, உரி, விலக்கு, பின்தொடர், சுத்தம் செய். உடற்கூறியலின் சாரமும் வினையிலும் வேற்றுமையுருபிலும் இருக்கிறது. எது எதன் பின்னால் போகிறது, எதைத் துளைக்கிறது, எதைச் சுற்றுகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதே பாடம்.

அந்தக் கையேட்டின் ஒரு பத்தி தமிழில் இப்படி இருக்கலாம்: ‘உடலைக் குப்புறக் கிடத்து. மேற்கையின் பின்பக்கத்தில் ட்ரைசெப்ஸ் தசையின் நீண்ட தலையையும் வெளித்தலையையும் விரலால் விலக்கு. எலும்போடு ஒட்டிய சாய்ந்த பள்ளத்தில் ரேடியல் நரம்பு படுத்திருப்பதைப் பார். அது எலும்பைப் பின்பக்கமாகச் சுற்றி இறங்குகிறது. வெளிப்பக்கத் தடுப்புச் சவ்வைத் துளைத்து முன்னால் வரும் இடம் வரை அதைத் தொடர்ந்து போ.’ ட்ரைசெப்ஸும் ரேடியலும் அப்படியே நிற்கின்றன. தேர்வுக்கு அவை வேண்டும். மற்றவை மாணவரின் சொந்த மொழி. மேற்கை எலும்பு நடுவில் முறிந்தால் மணிக்கட்டு ஏன் தொங்கிவிடுகிறது என்று யாரும் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை. விரல் ஏற்கெனவே அந்தப் பள்ளத்தைத் தொட்டுவிட்டது.

மாணவர்கள் நடுங்கும் பிரேக்கியல் பிளெக்சசும் இப்படியே. பிளெக்சஸ் என்றால் பின்னல். கழுத்திலிருந்து ஐந்து வேர். அவை சேர்ந்து மூன்று தண்டு. ஒவ்வொன்றும் இரண்டாகி ஆறு பிரிவு. மறுபடி கூடி மூன்று வடம். கடைசியில் ஐந்து பெருங்கிளை. சடை பின்னிப் பழகிய கைக்கு இது விளங்காத கணக்கில்லை.

பல கூடங்களில் ஆசிரியர்கள் இதை வாய்மொழியாக ஏற்கெனவே செய்கிறார்கள். விரிவுரை மேடையில் ஆங்கிலம் பேசியவர், மேசையருகே வந்ததும் ‘இதை இப்படி நகர்த்திப் பாரும்மா, பின்னாடி ஒண்ணு போகுது தெரியுதா’ என்கிறார். மாணவருக்கு விளங்குவது அந்த நொடியில். அந்தப் பேச்சு எங்கும் எழுதப்படாமல் ஆசிரியரின் ஓய்வோடு போய்விடுகிறது.

தமிழறிந்த உடற்கூறியல் ஆசிரியர்களிடம் வேண்டுவது இதுதான். முழு உடலுக்கும் நூல் எழுதக் காத்திருக்கவேண்டாம். பல கல்லூரிகளில் அறுப்பு கையிலிருந்துதான் தொடங்குகிறது. மேசையருகே நீங்கள் தமிழில் சொல்வதை, சொல்கிறபடியே, கைக்கு மட்டும் முதலில் எழுதிக்கொடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்களின் கையில் அது இருக்கட்டும்.